நிமிடத்துக்கொரு கீச்

முதல் கீச் வந்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை காலை பத்து மணி. கத்தியைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. சரியாக ஒரு நிமிடம் கழித்து இன்னொரு கீச். குருவியும் இல்லை, எலியும் இல்லை. தகரத்தை ஊசியால் கீறியது போல ஒரு சின்னச் சத்தம். எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் வீடு ஒன்றுமே தெரியாதது போல இருந்தது.

எந்தச் சத்தத்தையும் என் காதுக்கு முதல் என் வயிறு கேட்டுவிடும். வேலைக்குப் புறப்படும்போது அடுப்பை மூன்று தரம் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் தரிப்பு நாலு நிமிட நடை. பஸ் வருவது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் திரும்பி ஓடிவந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய் சுப்பவைசரிடம் பேச்சு வாங்கிய நாட்கள் உண்டு. வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். பயப்படாதவர்கள் எல்லாம் கூடி அந்த இரண்டு நாளில் என்ன கிழித்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

“இஞ்சேருங்கோ, புகை அலாரம் கீச்சிடுது” என்றேன்.

என் கணவர் சோபாவில் படுத்திருந்தார். நெஞ்சில் போன் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் ஒருவர் ஊர் அரசியலை அலசிக்கொண்டிருந்தார். சனி ஞாயிறு என்றால் அவருக்கு அதுதான் வேலை. உலகத்தில் எந்த நாடு எந்த நாட்டை எப்போது அடிக்கும் என்று சொல்லுவார். தலைக்கு மேலே கீச்சிடுவது என்ன என்று சொல்லமாட்டார்.

“அது சும்மா” என்றார்.

“சும்மா ஏன் கீச்சிடுது?”

“மெஷினெண்டா கீச்சிடும்தானே. நீர் உம்மடை அலுவலைப் பாரும்.”

அவர் உயர்தரத்தில் கணக்குப் படித்தவர். என்ஜினியர் படிப்புக்கு மயிரிழையில் தவறிப்போனதாம். அந்த மயிரிழையை முப்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இடம்பெயர்ந்து போன இடத்தில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சனம் படுத்திருந்தது, எங்கே போய்ப் படிக்கிறது? பிறகு தம்பி தங்கச்சிகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கதை. ஆனால் இந்த வீட்டில் ஒரு பல்ப் மாற்றுவதென்றாலும் என் ஒன்பதாம் வகுப்பு நடுவில் வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் மூன்று அலாரங்கள். மேல்மாடி நடையில் ஒன்று, நடுத்தட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் ஒன்று, நிலத்துக்குக் கீழே பேஸ்மன்றில் ஒன்று. மூன்றும் கூரைக்குள்ளால் ஓடும் வயரில் தொடுக்கப்பட்டவை. ஒன்று கத்தினால் மற்ற இரண்டும் சேர்ந்து கத்த வேண்டும். கரண்ட் நின்றாலும் வேலை செய்வதற்கு ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சதுரப் பற்றறி. அது சாகப்போகிறதென்றால் நிமிடத்துக்கொருதரம் கீச்சிட்டுச் சொல்லும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் ஒழுங்காகத் தெரியும். அன்று வீட்டில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. தெரியாது என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.

இந்த நாட்டில் எங்கள் ஆட்களுக்கும் அலாரத்துக்கும் தீராத பகை. நெத்தலி பொரித்தால் அது கத்தும். உடனே வீட்டில் ஒருவர் துவாய் எடுத்து விசுக்குவார். விசுக்குவதில் அனுபவப்பட்டவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. ஓமம் வளர்க்கவேண்டும் என்றால் ஐயர் வருவதற்கு முதலே அலாரத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். வருடத்துக்கு ஒருதரம் மிளகாய்த்தூள் வறுக்கிற நாளில் அலாரங்களுக்கு ஷவர் கப் போடுவோம். தலை நனையாமல் குளிப்பதற்கு ஹோட்டல் அறைகளில் வைத்திருப்பார்களே, ஓரத்தில் இழுபடுகிற ரப்பர் வைத்த பிளாஸ்ரிக் தொப்பி, அது. மொன்றியலில் கலியாண வீட்டுக்குப் போனால் எங்கள் ஆட்கள் அதை எண்ணி எடுத்துக்கொண்டு வருவது தலைக்குப் போடவல்ல. அலாரத்தின் வாயில் அளவாகப் பொருந்தும். உயிரைக் காப்பாற்ற வைத்த சாமானின் வாயைக் கட்டிவிட்டு, கொத்தமல்லியும் செத்தல்மிளகாயும் வறுத்து, வாசம் நல்லாயிருக்கு என்று மெச்சிக்கொள்ளும் சனம் நாங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. கதிரையில் ஏறி மாட்டுவதும் நான், கழற்றுவதும் நான்.

கீச் தொடர்ந்தது. கணவர் ஒருவழியாக எழும்பி, தும்புத்தடியின் பிடியால் நடுத்தட்டு அலாரத்தை ஒரு குத்துக் குத்தினார். அது வீடு இடிகிறமாதிரிக் கத்தியது, மேல்மாடியும் கூடக் கத்தியது. பிறகு இரண்டும் நின்றன. கீழே இருந்தது கத்தியதா என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

“பாத்தீரே, சரி” என்றார்.

கீச்.

அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பேன், சிரித்தால் சண்டை.

பிறகு மேசை லாச்சியைக் கிண்டி இரண்டு சதுரப் பற்றறி எடுத்தார். எந்தக் காலத்துப் பற்றறி என்று கேட்டேன். “பற்றறி பழுதாப்போறதுக்கு அதென்ன மீனோ?” என்றார். இரண்டையும் மாட்டினார். கீச் நிற்கவில்லை. நான் வெட்டின மீனை மூடி வைத்துவிட்டு, கடைக்கு நடந்துபோய் உறை உடைக்காத புதுப் பற்றறி மூன்று வாங்கிவந்தேன். இரண்டை மாட்டினார். அதற்கும் கீச் நிற்கவில்லை. கீழே இறங்க அலுப்புப்பட்டு மூன்றாவதை மேசையில் வைத்துவிட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்.

இவ்வளவுக்கும் நான் ஏன் துடித்தேன் என்று கேட்கலாம். என் உயிருக்கில்லை. பேஸ்மன்றில் மச்சாள் இருந்தார். கணவருடைய தமக்கை. தன் கணவர் செத்த பிறகு எங்களோடு வந்தவர். ஊரில் முப்பது வருடம் ரீச்சராக இருந்தவர், இப்போதும் எல்லோருக்கும் ரீச்சர்தான். பேஸ்மன்றில் இருந்து மேலே வர ஒரே படி. அந்தப் படி வந்து முட்டுவது சமையலறை வாசலில். கீழே ஒரு யன்னல் இருக்கிறது, அதற்குள்ளால் பூனை நுழையலாம். சமையலறையில் நெருப்புப் பிடித்தால் மச்சாள் எப்படி வெளியே வருவார்? பஸ்ஸில் இருந்து இதை எத்தனை தரம் கணக்குப் பார்த்திருப்பேன். நெருப்பு பெரிதாவதற்கு முதல் அலாரம் கத்தவேண்டும், அவர் எழும்பவேண்டும், படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். வேறு வழியே இல்லை. என் கணக்கு முழுவதும் அந்த மணியில் தொங்கியது.

பாசம் என்று யாரும் நினைக்கவேண்டாம். மச்சாளுக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது, எனக்கு அவரை. இரண்டு வருடத்துக்கு முதல் அவருடைய அறையைக் கூட்டித் துடைத்துக்கொண்டு நின்றேன். பார்க்க வந்திருந்த பழைய மாணவி ஒருத்தியிடம், “இவ ஒன்பதாம் வகுப்பு, பாவம். உதுகள் மட்டும் துப்புரவாச் செய்வா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தும்புத்தடியை அங்கேயே சாத்திவிட்டு மேலே வந்தேன். அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. மூன்று நேரமும் சாப்பாட்டைப் படியடியில் ஒரு சின்ன மேசையில் வைப்பேன். படி விளக்கின் சுவிச்சை இரண்டு தரம் போட்டு அணைப்பேன். வந்து எடுத்துக்கொள்வார். கூப்பிட்டால் பதில் சொல்லாத மனிசி. காதில் மெஷின் போட்டிருந்தாலும் வேண்டாததுதான் கேட்காது, வேண்டியது கேட்கும் என்பது என் முடிவு.

பின்னேரம் கணவரின் கூட்டாளி வந்தார். கொழும்பில் வயரிங் வேலை செய்தவராம். இங்கே லொறியில் சாமான் இறக்குகிறார். ஆனாலும் எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் வீட்டுச் சுவருக்குள் இவருடைய கை போய்வந்திருக்கிறது. லைசன்ஸ் உள்ளவனைக் கூப்பிடுவோம் என்று நான் சொன்னதற்கு, “எங்கடை ஆள் இருக்கேக்கை ஏன் பிறத்தியான்?” என்று கணவர் கேட்டிருந்தார்.

“தங்கச்சி, தேத்தண்ணி போடும். கொதிக்க முதல் முடிச்சுப்போடுவன்.”

“அண்ணை, முதல்லை பிரேக்கரை நிப்பாட்டுங்கோ” என்றேன்.

“எனக்கு அடிக்காது. கரண்டுக்கு என்னைத் தெரியும்.”

கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அண்ணை, கீழையும் ஒண்டு இருக்கு. அதையும் பாருங்கோ.”

பேஸ்மன்றுக்கு இறங்கினார், ஆனால் கடைசிப் படியோடு நின்றுகொண்டார். ரீச்சரின் அறைக்குள் எப்படிப் போவது என்ற மரியாதை. அந்த மரியாதையைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அங்கே நின்றபடி குரல் கொடுத்தார்.

“ரீச்சர்! ரீச்சர்! உங்கடை பக்கம் கீச்சுக் கீச்செண்டு ஏதும் கேக்குதோ?”

அவர் மூன்றாம் தரம் கத்தும்போது அறைக் கதவு திறந்தது, மச்சாளின் குரல் வந்தது. “இல்லைத் தம்பி. இஞ்சை நல்ல அமைதி.”

மேலே வந்தார். “கீழை ஒண்டும் இல்லை. ரீச்சரே சொல்லியாச்சு.”

படித்த இரண்டு ஆண்கள். ஒருவர் கணக்கு, ஒருவர் கரண்ட். காது கேளாத மனிசியிடம் சத்தம் கேட்கிறதா என்று கேட்டு, அவர் இல்லை என்றதும் பேஸ்மன்றை வழக்கிலிருந்து விடுதலை செய்துவிட்டார்கள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் மண்டைக்குள்ளும் ஒரு மூலை தலையாட்டியது. ஒன்பதாம் வகுப்பின் மூலை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கதிரையில் ஏறி நடுத்தட்டு அலாரத்தைத் திருகிக் கழற்றினார், பின்னால் செருகியிருந்த வயரை இழுத்தார், வயர் முனைக்குக் கறுப்பு ரேப் சுற்றினார். மேல்மாடியிலும் அப்படியே. இரண்டையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். தேங்காய்ப் பாதி கவிழ்த்து வைத்தது போல இரண்டும் கிடந்தன.

கீச்.

மூன்று பேரும் மேசையைப் பார்த்தோம்.

“மிச்சக் கரண்ட்” என்றார் கூட்டாளி. பற்றறிகளையும் பிடுங்கினார். “இப்ப பாரும்.”

பார்த்தோம். தேத்தண்ணி ஆறியது.

கீச்.

“உது இதிலையிருந்து வரேல்லை” என்றார் கணவர். கண்டுபிடித்துவிட்டார்.

“அப்ப பக்கத்து வீடு” என்றார் கூட்டாளி. “ரவுன்ஹவுஸெண்டா ஒட்டின வீடுகள்தானே, சுவர் கடதாசி மாதிரி. அந்தச் சனம் பற்றறி மாத்தாமல் இருக்குது. உதுகளுக்கு என்ன தெரியும்.”

கணவருக்கு வந்த ஆறுதலைப் பார்த்திருக்கவேண்டும். “அப்ப எங்கடை வீட்டிலை ஒரு பிரச்சினையும் இல்லை!”

“மூண்டிலை ரெண்டைக் கழட்டி மேசையிலை வைச்சிருக்கிறியள்” என்றேன். “இப்ப நெருப்புப் பிடிச்சா?”

“பிடிக்காது.”

“ஏன் பிடிக்காது?”

“இவ்வளவு காலமும் பிடிக்கேல்லைத்தானே.”

கூட்டாளி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “தங்கச்சி, நெருப்பெண்டா மணக்கும். மூக்கெண்டு ஒரு சாமானைக் கடவுள் தந்திருக்கிறார்.”

“நித்திரையிலை?”

“நித்திரையிலையும் மூக்கு முகத்திலைதான் இருக்கும்.”

இதற்கும் கணவர் சிரித்தார். அந்த மனிதருக்கு என் வீட்டில் ஊற்றிய தேத்தண்ணியை இன்றைக்கும் நினைத்து வயிறெரிகிறேன். இவர்களுடைய படிப்பின் அளவு இவ்வளவுதான். சத்தம் வந்தால் பிழை, சத்தம் போனால் சரி. பிழை எது, சத்தம் எது என்று பிரித்துப் பார்க்க யாரும் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மீன் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது. அலாரம் இல்லாத சமையலறையில் நான் அடுப்பு மூட்டமாட்டேன் என்றேன். பாணும் இடித்த சம்பலும் வைத்தேன். “பைத்தியம்” என்று சொல்லிக்கொண்டே இருவரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் பெரியபிள்ளையான ஒருத்திக்கு ஹோல் ஒன்றில் சாமத்தியவீடு இருந்தது. கணவரும் கூட்டாளியும் புறப்பட்டார்கள். நான் வயிற்றுக்குள் சரியில்லை என்றேன். பொய்யில்லை. அவர்களுடைய கார் போனதும் சமையலறையில் முட்டை அவிக்க வைத்திருக்கிற ரைமரை எடுத்தேன்.

நான் வேலை செய்வது பாண் பொதி செய்கிற தொழிற்சாலையில். அங்கே பெல்ட் ஓரத்தில் இருபது மெஷின். ஒன்று பீப் என்றால் எது என்று கண்ணால் தேடமாட்டோம், எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். பெல்ட்டை நிற்பாட்டிவிட்டு, ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் ஆடாமல் நின்று அடுத்த பீப்புக்குக் காத்திருப்போம். பொறுமை இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். இந்த அறிவுக்கு ஒரு சேர்ட்டிபிக்கட்டும் தரமாட்டார்கள்.

மேல்மாடி நடையில் கதிரை போட்டு இருந்தேன். ரைமரில் ஒரு நிமிடம். கீச். தூரத்தில். நடுத்தட்டுக்கு வந்து இருந்தேன். இன்னொரு நிமிடம். கீச். கிட்டத்தில், ஆனால் மேலே இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தேன். கீச் வந்தது, சுவருக்குள்ளால் வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் நின்றபோது செருப்பில்லாத காலில் சூடான காற்றுப் பட்டது. ஹீற்றர் காற்று வருகிற துவாரம், நிலத்தில். முழங்காலில் இருந்து, நிலத்தில் கையூன்றி, அந்த இரும்புச் சல்லடையில் கன்னத்தை வைத்தேன். ரைமர் ஓடியது. கன்னம் சுட்டது.

கீச். என் காதுக்குள்ளேயே.

இரண்டு நாளாக எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் காலுக்குக் கீழேயிருந்து, காற்றுக் குழாய்க்குள்ளால் வீடு முழுக்க ஏறிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கினேன். படியடி மேசையில் மத்தியானக் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சாப்பிட்ட பின் ஒரு மணித்தியாலம் படுப்பார். தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி, பஞ்சு விரித்து, அதில் காது மெஷின் இரண்டும். எங்கும் ஒரு தூசி கிடையாது. எனக்குச் சொன்னாரே துப்புரவு என்று, தன் கையாலேயே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணாந்து பார்த்தேன்.

அலாரத்துக்கு ஷவர் கப் போட்டிருந்தது. நீலப் பூப் போட்ட ஷவர் கப். மொன்றியல் ஹோட்டல்.

அதை மாட்டியது நான்.

இளவேனிலில் தூள் வறுத்தோம். கராஜில் அடுப்பை வைத்து வறுத்தாலும் புகை பேஸ்மன்றுக்குள் வரும். மச்சாள் அன்று கோயிலுக்குப் போன முதியோர் பஸ்ஸில் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் என்பதால் உள்ளே போய்க் கதிரையில் ஏறி மாட்டினேன். வறுத்து முடிந்து, மேலே இருந்த இரண்டையும் கழற்றிவிட்டுக் கீழே இறங்குவதற்குள் மச்சாள் வந்துவிட்டார். அவர் இருக்கும்போது உள்ளே போகமாட்டேனே. பிறகு எடுக்கலாம் என்று விட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை. இலை உதிர்ந்து, குளிர் வந்து, ஹீற்றர் போட்டாகிவிட்டது. அவ்வளவு மாதமும் நான் பஸ்ஸில் இருந்து நெருப்புக் கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அந்த மணி கத்தும், மச்சாள் எழும்புவார் என்று போட்டுத்தான் கணக்கு முடிந்தது. அதன் வாயைக் கட்டியது என்னுடைய கை. அவிழ்க்காமல் விட்டது என்னுடைய ரோசம்.

கதிரையில் ஏறித் தொப்பியை உரித்தேன். உள்ளே சிவப்பாகத் தூள் படிந்திருந்தது. அலாரத்தைத் திருகி இறக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். செய்த வருடம் அச்சடித்திருந்தது. பத்து வருடத்தில் மாற்றவும் என்றும் இருந்தது. பத்து எப்போதோ கடந்துவிட்டது. வாசிக்க ஒன்பதாம் வகுப்பு தாராளமாகப் போதும். யாராவது திருப்பிப் பார்த்திருந்தால்.

மேசையில் மிஞ்சிக் கிடந்த மூன்றாவது பற்றறியை எடுத்துவந்து மாட்டினேன். அலாரத்தைத் திரும்பப் பொருத்திவிட்டு, கதிரையில் நின்றபடியே சோதனைப் பொத்தானை அமத்தினேன்.

அது கத்தியது. அந்தச் சின்ன அறைக்குள் என் பல் கூசியது, கதிரை நடுங்கியது. மச்சாள் திடுக்கிட்டு எழும்புவார், என்னைப் பார்த்து ஏதாவது சொல்லுவார், நானும் ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

மச்சாள் அசையவில்லை. போர்வை மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் விரலை எடுக்கவில்லை. பத்து எண்ணினேன். பிறகு இன்னும் பத்து. ஒரு தலைமயிர் அசையவில்லை.

இறங்கி, தோளில் கை வைத்தேன். கண் திறந்தார்.

“என்ன? செத்துப்போனனோ எண்டு பாக்க வந்தனியோ?”

திரும்பக் கதிரையில் ஏறிப் பொத்தானை அமத்தினேன். அவர் என் கையைப் பார்த்தார். அலாரத்தில் சிவப்பு வெளிச்சம் வெட்டியது, அதைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார்.

“எரியுதோ?” என்று கேட்டார்.

வீடே கிழிகிறமாதிரி அது கத்திக்கொண்டிருந்தது. நான் விரலை எடுத்தேன்.

காது மெஷின் இரண்டையும் மாட்டிக்கொண்டார். உதவி கேட்கவில்லை. இன்னொருதரம் அமத்தச் சொன்னார், அமத்தினேன்.

“ஏதோ காத்து மாதிரி” என்றார். “கன காலம் இப்பிடித்தான். வாயைப் பாத்துத்தான் கதைக்கிறனான்.”

“நேற்று அந்த அண்ணை கேக்க, அமைதியா இருக்கெண்டு சொன்னியளே?”

“எனக்கு அமைதியாத்தான் இருந்தது.” பெட்டியை மூடினார். “சொன்னால் என்ன செய்வியள்? செவிட்டு ரீச்சர் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவியள்.”

சொல்லியிருப்போம். நானே முதல் ஆளாகச் சொல்லியிருப்பேன். கூப்பிட்டுப் பதில் வராத நாட்கள் எல்லாம் ஒன்றொன்றாக வந்து என் முன்னால் நின்றன.

பின்னேரம் சிவப்புப் பழக் கேசரியோடு இருவரும் வந்தார்கள். வாசலிலேயே கணவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

“பாத்தீரே! பக்கத்து வீட்டுக்காரர் பற்றறி மாத்திப்போட்டினம்.”

“நான் சொன்னனான்தானே” என்றார் கூட்டாளி.

ஷவர் கப்பை மேசையில், கழற்றி வைத்த இரண்டு அலாரங்களுக்கும் நடுவில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். என் பங்கையும் சேர்த்துத்தான் சொன்னேன். கூட்டாளி கேசரியைக் கையில் வைத்தபடி, “நான் ரீச்சரைக் கேட்டனான்தானே” என்று இரண்டு தரம் சொன்னார். கேசரியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

“மச்சாள் இனிக் கீழை படுக்கிறேல்லை” என்றேன். “ரி.வி. அறைக்கு வரட்டும். வாசல் கதவு பக்கத்திலை.”

“அது என்ரை சோபா இருக்கிற இடம்.”

“சோபாவைக் கீழை இறக்குவம்.”

“கீழை போன் சரியா இழுக்காது!”

“உலகம் ரெண்டு நாளைக்கு உங்களை விட்டுட்டு ஓடட்டும்.”

அவர் மயிரிழைக் கதையைத் தொடங்கவில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை லைசன்ஸ் உள்ள எலக்ரிசியன் வந்தார், ஒரு பெண், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். முதல் வேலையாகப் பிரேக்கரை நிற்பாட்டினார். ரேப் சுற்றின வயரைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். கணவர் யன்னலைப் பார்த்தார். மூன்று அலாரத்தையும் மாற்றி, மச்சாளின் கட்டிலுக்கு வேறொரு சாமானையும் பூட்டினார். அலாரம் கத்தினால் கட்டிலுக்கு எதிரே ஒரு விளக்குப் பளிச்சுப் பளிச்சென்று வெட்டும், தலையணைக்குக் கீழே ஒரு தட்டு உதறும். இப்படி ஒன்று இருக்கிறது என்று இவ்வளவு காலமும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டவரும் இல்லை.

இப்போது தூள் வறுக்கிற நாளில் கராஜ் கதவை முழுதாகத் திறந்துவிடுகிறேன். தொப்பி போடுவதில்லை. கத்தினால் கத்தட்டும். கணவர் கீழே சோபாவில் இருந்து, “உந்தச் சனியனை நிப்பாட்டும்!” என்று கத்துவார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், அதுதான் அவருக்கிருக்கிற பாதுகாப்பு.

சனிக்கிழமைகளில் சோதனைப் பொத்தானை அமத்துவேன். ரி.வி. அறையில் விளக்கு வெட்டும். மச்சாள் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டது போல ஒரு கையை மட்டும் உயர்த்துவார்.

“ஓம், ஓம், கண்டிட்டன். ஒன்பதாம் வகுப்பெண்டாலும் உதைப் பிழையில்லாமல் அமத்துறாய்.”

நான் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வேன். வாயைப் பார்த்தால் விளங்கிவிடும்.